ஓவியக் குடை: காண்டின்ஸ்கியைக் கம்பியில் கட்டலாமா?

நனைந்தகோழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அக்காவுக்குப் பிறந்தநாள் வருகிறது. ஓவியம் முறையாகப் படித்தவள். புத்தகம், சட்டம் போட்ட படம் எல்லாம் கொடுத்துத் தீர்ந்துவிட்டதால் இந்த முறை குடை என்று முடிவு செய்திருக்கிறேன். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் ஓவியம் அச்சடித்த குடை ஒன்றைப் பார்த்து வைத்தேன். கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வட்டத்துக்குள் வட்டமாகப் போகுமே, அதுதான். விற்பனைப் படத்தில் கண்ணைப் பறிக்கிறது.

ஆனால் ஒரு பயம். போன வருஷம் எனக்கென்று வாங்கிய பூப்போட்ட குடை மூன்றே மழையில் வெளுத்துவிட்டது. மடிப்புகளில் வெள்ளைக் கோடு விழுந்தது. கடைசியாக அடித்த காற்றில் பூவெல்லாம் வானத்தைப் பார்த்தது. எதைப் பார்த்து வாங்குவது? இன்னொன்று, கொஞ்சம் அசட்டுக் கேள்விதான்: ஓவியம் தெரிந்தவளுக்கு இதைக் கொடுத்தால் முகம் சுளிப்பாளா?

சும்மாஒருவன் எழுதியது:

அர்த்தராத்திரியில் பிடிக்கச் சொல்லுங்கள். வெளுத்தது தெரியாது.

தூரிகைவால் எழுதியது:

முகம் சுளிப்பாரா என்பதற்கு நான் பதில் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் சொல்லும் படம் 1913-இல் வரைந்தது. மியூனிக்கில் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்தில் எந்தக் கோப்பையைப் பார்த்தாலும், எந்தத் தலையணையைப் பார்த்தாலும் இந்தப் படம்தான். அதனால் பலர் இதைப் பெரிய எண்ணெய் ஓவியம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சுமார் 24-க்கு 32 செ.மீ. காகிதம், அவ்வளவுதான். பள்ளிக்கூட வரைபட நோட்டு அளவு. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்று அவர் தனக்காகச் செய்து பார்த்த நிறப் பரிசோதனை அது. தலைப்பிலேயே ‘நிற ஆய்வு’ என்ற சொல் இருக்கிறது. சமையல்காரர் உப்புப் பார்த்த கரண்டியைப் பந்தியில் வைத்த மாதிரி உலகம் அதைக் கொண்டாடுகிறது!

அதில் தப்பில்லை, படம் அழகுதான். ஆனால் உங்கள் அக்கா ஓவியம் படித்தவர் என்கிறீர்கள். குடையைப் பிரித்ததும் அவர் கண் முதலில் போவது ஒன்றில்தான்: இந்த நீர்வண்ணத்தின் ஈரக் கசிவு, வட்டத்தின் நடுங்கும் ஓரம், இதெல்லாம் அச்சில் இருக்கிறதா? அல்லது யாரோ கணினியில் வழவழவென்று திருப்பி வரைந்து, தட்டையான நிறத்தை ஊற்றியிருக்கிறார்களா? மலிவான குடைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதைக் கண்டால் சுளிப்பார்.

பழையசுவர் எழுதியது:

ஓவியத்தைச் சுவரில் பார்க்க வேண்டும். அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மழைநீர் சொட்டச் சொட்ட, சேற்றில் ஊன்றிக்கொண்டு நடப்பது எனக்கு உடன்பாடில்லை. அரூப ஓவியம், அதாவது எந்த உருவத்தையும் காட்டாத ஓவியம், என்றால் வெறும் டிசைன் என்று ஏற்கெனவே நினைக்கிறார்கள். குடைத்துணியில் போட்டு அதை உறுதி செய்யவும் வேண்டுமா?

சும்மாஒருவன் எழுதியது:

பழையசுவர் ஐயா, உங்கள் பெயருக்கு இதைவிட வேறு எதை எதிர்பார்க்க முடியும். 😀

எட்டுக்கம்பி எழுதியது:

நான் ஓவியக்காரன் இல்லை. குடை தைக்கும் இடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். ‘எந்த ஓவியம்’ என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். குடை என்ன உருவம் என்று யாரும் பேசவில்லை. அதை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

குடைத்துணி ஒரே துணி இல்லை. சாதாரணமாக எட்டு முக்கோணத் துண்டுகள். துண்டும் துண்டும் சேரும் தையலுக்கு அடியில் ஒரு கம்பி. எட்டும் உச்சியில் சேரும் இடத்தில் துணியைத் துளைத்துக்கொண்டு உலோக மூக்கு ஒன்று வெளியே நிற்கும்.

ஒரு கணக்குப் போடுங்கள். கம்பி நீளம் 58 செ.மீ. அந்த அளவில் துணியைத் தரையில் தட்டையாக வட்டமாக வெட்டினால் சுற்றளவு 364 செ.மீ. வரும். ஆனால் அதே கம்பிக் குடை விரிந்து வளைந்து நிற்கும்போது குறுக்களவு ஏறக்குறைய 100 செ.மீ.தான், சுற்றளவு 314. மீதி 50 செ.மீ. எங்கே? எட்டுத் தையல்களும் விழுங்கிவிட்டன. ஓரத்தில் தையலுக்கு 6 செ.மீ.க்கு மேல். உச்சியில் ஒன்றுமே போகாது, கீழே வர வர அதிகமாகப் போகும். இப்படி விழுங்கினால்தான் துணிக்குக் குவிவு வரும். இல்லாவிட்டால் அது குடை இல்லை, மேசை விரிப்பு. ஒரு பந்தைக் காகிதத்தில் பொதிந்து பாருங்கள், சுருக்கம் விழாமல் பொதியவே முடியாது. அந்தச் சுருக்கத்தைத்தான் நாங்கள் வெட்டி எறிகிறோம்.

இப்போது ஓவியத்துக்கு வாருங்கள். தட்டையான படத்தை அப்படியே துணியில் அச்சடித்து, அதிலிருந்து எட்டு முக்கோணம் வெட்டித் தைத்தால், ஒவ்வொரு தையலிலும் படத்தில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்று காணாமல் போகும். தையலைத் தாண்டிப் போகும் வட்டம் ஓரத்துக்கு வரும்போது உடைந்த தட்டை ஒட்டவைத்த மாதிரி தெரியும். முகம் அச்சடித்தால் மூக்கு போயிருக்கும். ‘அரூப ஓவியம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது’ என்று சொல்லிக்கொண்டே வெட்டுவார்கள். நானும் அப்படி வெட்டியவன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒழுங்காகச் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, காணாமல் போகப்போகும் அளவை முன்கூட்டியே கணக்கிட்டு, படத்தை எட்டு முக்கோணங்களுக்குள் நெளித்து வரைந்து, ஒவ்வொரு துண்டாக அச்சடிப்பது. தைத்தபின் கோடு கோட்டோடு சேரும். இதற்கு வரைகிறவருக்கும் பொறுமை வேண்டும், தைக்கிறவருக்கும் கை நிதானம் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தவறினால் போச்சு. இரண்டாவது, ஓவியத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து எட்டுத் துண்டிலும் திரும்பத் திரும்பப் போடுவது. தையல் பிரச்சினையே வராது. ஆனால் அது அந்த ஓவியம் இல்லை, அதன் உறவுக்காரன்.

உங்கள் படத்தில் எத்தனை கட்டம்?

நனைந்தகோழி எழுதியது:

எண்ணிப் பார்த்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. பன்னிரண்டு. விற்பனைப் படத்தில் பன்னிரண்டும் இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அந்தப் படமே உண்மையான புகைப்படம் இல்லை போலிருக்கிறது, குடை வடிவத்தின் மேல் ஓவியத்தை ஒட்டியிருக்கிறார்கள். தையல் கோடே காணோம்.

எட்டுக்கம்பி எழுதியது:

அதேதான். தையல் தெரியாத குடைப் படத்தை நம்பாதீர்கள். பன்னிரண்டு கட்டத்தை எட்டு முக்கோணத்தில் சிதையாமல் வைக்கவே முடியாது. நான்கு கட்டம் சேரும் மூலையை உச்சியில் வைத்துச் சுற்றிலும் வெட்டியிருப்பார்கள், ஓரக் கட்டங்கள் பாதியில் நிற்கும். உண்மையான குடையின் புகைப்படம் கேளுங்கள், மேலிருந்து ஒன்று, உள்பக்கம் ஒன்று. கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தூரிகைவால் எழுதியது:

எட்டுக்கம்பி அண்ணே, இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள்! நான் வகுப்பில் சொல்லத் தடுமாறும் விஷயம் இது.

இதைப் படித்ததும் எனக்கு டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் படம் போட்ட குடைகள் ஞாபகம் வந்தன. கறுப்புக் கோடு, சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டம். காண்டின்ஸ்கியைப் போலவே அவரையும் குடையில் அடிக்கடி பார்க்கலாம். அந்த மனிதர் படுக்கைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டைத் தவிர வேறெதையும் 1920-களிலிருந்து தன் ஓவியத்துக்குள் விடவில்லை. அவருடைய ஓவிய நண்பர் வான் டூஸ்பர்க் சாய்கோட்டைக் கொண்டுவந்தார், இருவரும் பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று கலை வரலாற்றில் சொல்வார்கள். மோண்ட்ரியான் சாய்சதுரமாகத் தொங்கும் ஓவியங்கள் செய்திருக்கிறார், உண்மை. ஆனால் அங்கேயும் சட்டத்தைத்தான் சாய்த்தார், கோட்டைச் சாய்க்கவில்லை.

அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் எட்டுச் சாய்கோடு குறுக்கே ஓடும் ஒரு பொருளில் கட்டிவிட்டார்கள். நேர்கோடு முழுவதும் குவிவில் வளைகிறது. கிண்டல் செய்ய நினைத்துச் செய்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

மாறாக, 1965-இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் மோண்ட்ரியான் உடைகள் தைத்தார் இல்லையா? அதில் துணியில் படத்தை அச்சடிக்கவில்லை. ஒவ்வொரு நிறக் கட்டத்தையும் தனித்தனிக் கம்பளித் துணியாக வெட்டி இணைத்தார். உடலின் வளைவுக்கு வேண்டிய தையல்களையெல்லாம் அந்தக் கட்டங்களின் எல்லைக்குள் ஒளித்துவிட்டார். பார்ப்பவர் கண்ணுக்கு ஓவியத்தின் கோடு, தையல்காரர் கைக்கு மூட்டு. எட்டுக்கம்பி சொன்னதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியாது. தையலை ஓவியத்தின் எதிரியாகப் பார்க்காமல் அதையே கோடாக்கிக்கொள்கிறவர்தான் நல்ல டிசைனர்.

சும்மாஒருவன் எழுதியது:

என்னிடம் ஓவியர் மாலேவிச்சின் குடை ஒன்று இருக்கிறது. ‘கறுப்புச் சதுரம்’ ஓவியம், 1915. உச்சி முதல் ஓரம் வரை கறுப்பு. தையல் பிசகே கிடையாது, வெளுக்கவும் இல்லை. எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.

பழையசுவர் எழுதியது:

சிரித்துவிட்டேன். இருந்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தையல் சரியாகச் சேர்ந்தாலும் அது ஓவியத்தைப் பொருளாக்குவதுதானே? அந்தக் கலைஞர்கள் இதை விரும்பியிருப்பார்களா?

தூரிகைவால் எழுதியது:

ஐயா, ஆளுக்கு ஆள் வேறு. ஓவியர் சோனியா தெலோனேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1911-இல் பிறந்த தன் குழந்தைக்கு ஒட்டுத்துணி போர்வை ஒன்று தைத்தார். துண்டு துண்டான அந்த நிறங்களிலிருந்துதான் தன் அரூப ஓவியம் கிளம்பியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் போர்வை இன்று பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பில் ஓவியங்களோடு இருக்கிறது. அதன் பிறகு துணி டிசைன் செய்தார், உடை செய்தார், 1925 பாரிஸ் கண்காட்சியில் கடையே போட்டார். அவரிடம் போய்த் ‘துணியில் ஓவியமா’ என்று கேட்டால் முழித்திருப்பார்.

காண்டின்ஸ்கியும் இன்னொரு ஓவியர் க்ளேயும் பாடம் எடுத்த ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் நெசவுக்கூடம் இருந்தது. க்ளே நெசவு மாணவிகளுக்கு வடிவப் பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் சுவீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்ட் வேறு ரகம். தான் இறந்து இருபது ஆண்டுவரை ஓவியங்களைக் காட்டவே வேண்டாம் என்று விரும்பியவர். அவருடைய ‘பத்துப் பெரியவை’ வரிசை ஓவியங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். ஆளை விழுங்கும் அளவு. அதைக் குடைக்குச் சுருக்கும்போது எனக்கும் உங்களைப் போலவே மனசு ஒப்பவில்லை. 32 செ.மீ. காகிதத்தைப் பெரிதாக்குவதும் மூன்று மீட்டரைச் சுருக்குவதும் குடைக்காரருக்கு ஒன்றுதான். ஓவியத்துக்கு ஒன்றில்லை.

வரைகோடு எழுதியது:

ஏன் எப்போதும் காண்டின்ஸ்கி, மோண்ட்ரியான்? ரசனை பாதி, சட்டம் பாதி. இருவரும் 1944-இல் இறந்தவர்கள். இறந்தபின் 70 ஆண்டு என்ற கணக்குள்ள நாடுகளில் 2015 முதல் அவர்கள் ஓவியம் பொதுச் சொத்து. யாரிடமும் கேட்காமல் அச்சடிக்கலாம். (எல்லா நாட்டிலும் கணக்கு ஒன்றல்ல, அமெரிக்காவில் வெளியான ஆண்டைப் பார்ப்பார்கள்.) மற்ற அரூப ஓவியர்களில் ராத்கோ 1970-இலும் சோனியா தெலோனே 1979-இலும் மீரோ 1983-இலும் போனார்கள். அவர்களுடையது வேண்டுமென்றால் உரிமை வாங்கித்தான் அச்சடிக்க வேண்டும். அந்தக் குடையில் உரிமைக் குறிப்பு இருக்கும். இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். காண்டின்ஸ்கி குடையில் ‘அதிகாரபூர்வம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

வண்ணத்துணி எழுதியது:

அச்சு பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளுத்ததற்கும் வெள்ளைக்கோட்டுக்கும் காரணம் வேறு வேறு.

பாலியெஸ்டர் துணிக்குச் சப்ளிமேஷன் அச்சு நல்லது. சுமார் 200 டிகிரி வெப்பத்தில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். மேலே படலமாக நிற்காததால் மடித்தாலும் வெடிக்காது. ஸ்கிரீன் அச்சில் மை துணிக்கு மேலே உட்காரும். நிறம் கெட்டியாக வரும், ஆனால் தடிமனாக அடித்தால் மடிப்பில் கீறும். நனைந்தகோழியின் வெள்ளைக்கோடு அதுவாகத்தான் இருக்கும். நைலான், பருத்தியில் சப்ளிமேஷன் சரியாகப் பிடிக்காது, அதனால் துணி என்ன என்று கேளுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள், குறிப்பாகச் சிவப்பிலும் கறுப்பிலும். ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கறுப்புப் பின்னணி ஓவியத்தில் ஒரு சிக்கல் உண்டு. துணி அடிப்படையில் வெள்ளை, கறுப்பை மேலிருந்து ஏற்றியது. உள்பக்கம் சாம்பல் அடித்த மாதிரி இருக்கும். பிடிக்கிறவர் பார்ப்பது அந்த உள்பக்கத்தைத்தான்!

எட்டுக்கம்பி எழுதியது:

மூன்று மடிப்புக் குடை வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பையில் அடங்கும், சரி. ஆனால் கம்பி நடுவில் மடங்கும், துணி கண்டபடி கசங்கும், ஓவியத்தில் குறுக்கே மடிப்பு நிற்கும். நீளக் குடையில் துணி தையலுக்குத் தையல் நேராக மட்டுமே மடியும். ஃபைபர்கிளாஸ் கம்பி காற்றில் வளைந்து திரும்பும். (திமிங்கிலத்தின் வாய்த்தகட்டில் கம்பி செய்த காலமெல்லாம் இருந்தது. 1852-இல் சாமுவேல் ஃபாக்ஸ் எஃகுக் கம்பி கொண்டுவந்தபின்தான் குடை மெலிந்தது.) காற்றுப் போக இரண்டு அடுக்காகத் தைத்த குடை உறுதியானது. ஆனால் மேலடுக்கின் விளிம்பு ஓவியத்தில் வட்டமாக ஒரு வெட்டு போடும்.

ஈரத்தோடு சுருட்டிக் கட்டாதீர்கள். விரித்தே காயவிடுங்கள்.

வரைகோடு எழுதியது:

வண்ணத்துணி சொன்ன உள்பக்கம் விஷயம் இந்த உரையாடலிலேயே முக்கியமானது என்பேன். ஓவியக் குடையைப் பிடிப்பவர் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. மாடி ஜன்னலில் நிற்பவர் பார்க்கிறார். நாம் செலவு செய்து அடுத்தவர் கண்ணுக்குக் காட்சி வைக்கிறோம்.

இதைக் கவனித்தவர்கள் வடிவமைப்பாளர்கள் டிபோர் கால்மனும் எமானுவேலா ஃப்ரத்தினி மாக்னூசனும். 1992-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக அவர்கள் செய்த ‘வானக் குடை’ வெளியே வெறும் கறுப்பு. உள்ளே நீல வானமும் வெள்ளை மேகமும். ஊரெல்லாம் மழை பெய்யும்போது பிடிப்பவருக்கு மட்டும் தெளிந்த வானம். அது அரூபம் இல்லை, எந்த ஓவியரின் படமும் இல்லை. ஆனால் குடை என்றால் என்ன என்று யோசித்து வரைந்தது.

நனைந்தகோழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பன்னிரண்டு கட்டக் குடைக்கு உண்மையான புகைப்படம் கேட்டேன், பதில் வரவில்லை. விட்டுவிட்டேன். வேறு இடத்தில் காண்டின்ஸ்கியின் 1926 ஓவியம் ‘பல வட்டங்கள்’ போட்ட நீளக் குடை ஒன்று கிடைத்தது. இருட்டுப் பின்னணி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கண்ணாடி மாதிரி வட்டங்கள். உள்பக்கமும் தனித் துணியில் அச்சு. தையலில் வட்டங்கள் சேர்கின்றன, ஓரத்தில் ஒன்றைத் தவிர. கைக்குட்டை சோதனையும் ஆயிற்று. வாங்கலாமா?

தூரிகைவால் எழுதியது:

வாங்குங்கள். மூல ஓவியம் சுமார் 140 செ.மீ. சதுரம், கக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடை அளவுக்குப் பெரிய அநியாயம் இல்லை. வட்டங்கள் மிதக்கும் ஓவியம், மேல் கீழ் அவ்வளவு பிடிவாதமாக இல்லை, சுழன்றாலும் தாங்கும். ஒரே ஒரு கேள்வி, பெரிய நீல வட்டத்தை உச்சியில் வைத்திருக்கிறார்களா?

நனைந்தகோழி எழுதியது:

ஆமாம். அதன் நடுவில்தான் உலோக மூக்கு.

தூரிகைவால் எழுதியது:

மூலத்தில் அது இடது மேல்பக்கம் ஒதுங்கி இருக்கும். நடுவுக்கு இழுத்துவிட்டார்கள். முழு ஓவியத்தின் அசைவும் அந்த ஒதுங்கலில்தான் இருக்கிறது… சரி விடுங்கள். உங்கள் அக்கா கண்டுபிடிப்பாரா என்று பார்ப்போம்.

நனைந்தகோழி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். கொடுத்தாயிற்று. விரித்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: ‘நீலத்துக்கு நடுவுல எதுக்குடா ஆணி அடிச்சிருக்காங்க?’ தூரிகைவால் ஜெயித்தார்.

ஆனால் அதன் பிறகு குடையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அடியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு துணியும் தாண்டி வெளிச்சம் வரும்போது ஒரு வட்டத்துக்குப் பின்னால் இன்னொரு வட்டம் நிழலாகத் தெரிகிறது. வெளித்துணியின் வட்டமும் உள்துணியின் வட்டமும் விலகி நிற்பதால் அப்படி. இதை அச்சடித்தவர் நினைத்துச் செய்தாரா, பிசகா, தெரியவில்லை. ‘இது காண்டின்ஸ்கி இல்லடா, ஆனா நல்லா இருக்கு’ என்றாள்.

எட்டுக்கம்பி எழுதியது:

பிசகுதான் தம்பி. இரண்டு அடுக்கையும் ஒரே நேர்கோட்டில் பொருத்த மறந்திருப்பார்கள். சொல்லாதீர்கள்.

பழையசுவர் எழுதியது:

மழையில் எடுத்துப் போனாரா?

நனைந்தகோழி எழுதியது:

இல்லை ஐயா. குடை இப்போது அவள் அறை மூலையில் விரித்தபடியே இருக்கிறது, மடிக்க விடமாட்டேன் என்கிறாள். நேற்று கொட்டிய மழைக்கு என்னுடைய பழைய கறுப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் நனைந்தேன்.

சும்மாஒருவன் எழுதியது:

மாலேவிச்சைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.